இரண்டு பிரதி, ஸ்பைரல் பைண்டிங்

காலாப்பட்டில் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே
என் கடையில் ஏப்ரல் முழுக்க ஆய்வேட்டு வாசனை:
டோனர், சூடான தாள்,
மூன்று நாளாய்த் தூங்காதவர்களின் வியர்வை.
"ரெண்டு பிரதி அக்கா, ஸ்பைரல்" என்று
பென்டிரைவை நீட்டியவள் பெயர் எர்மெலிண்டா.
விடுதி மெஸ்ஸில் பழகிய தமிழ்.
"சாம்பார் போதும்" என்பதை
என்னைவிடச் சுத்தமாகச் சொல்வாள்.

இருநூற்றுப் பதினான்கு பக்கம்.
நாற்பது வரை நான் எதையும் படிக்கவில்லை.
நாற்பத்தொன்றில் எந்திரம் தாளைக் கடித்துக்கொண்டது.
மூடியைத் திறந்து உருளையைத் திருப்பி
பல்லுக்கு நோகாமல் இழுத்தேன்.
கசங்கி வந்தது ஒரு சொற்பட்டியல்.

"இரா? ராத்திரியா?"
"நீட்டாதீங்க. இர. தண்ணி."
எங்களுக்கு அது பிச்சை கேட்பது என்று
சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.
உரு, நிலாவாம்.
அபி, மீனாம்.
என் அக்கா மகன் அபிநந்தனைப்
பாதியில் வெட்டிக் கடலில் விட்டதுபோல் இருந்தது.

கண்ணாடி மேசைத் தூசியில் விரலால் வரைந்தாள்:
முதலை மாதிரி ஒரு தீவு, கிழக்கே அதன் முனை,
லொஸ்பாலோஸ், துத்துவாலா.
"ஒரு பெரிய ஏரி இருக்கு.
அதுலேர்ந்து போற ஆறு கடலுக்குப் போகாது,
ஒரு குழிக்குள்ள இறங்கிடும்."
"அப்புறம்?"
"அப்புறம் அது ஆத்தோட விஷயம்."

மொழியின் பெயர் ஃபாத்தலுக்கு.
சரியாகப் பேசுவது என்று அர்த்தம் சொல்வார்களாம்.
"அப்போ பக்கத்து ஊர்க்காரன்?"
"அவனும் அவன் பேச்சை அப்படித்தான் சொல்லுவான்."
செந்தமிழ் என்று எழுதிய போர்டுக்குக் கீழே
நான் சும்மா இருந்தேன்.

கரண்ட் போயிற்று.

"எங்க பேச்சுலயும் வினை கடைசிலதான் வரும் அக்கா.
போர்ச்சுகீஸ், இங்கிலீஷ் எல்லாம் அவசரம்.
நீங்க காத்திருப்பீங்க. நாங்களும்."
வருஷத்தில் சில ராத்திரி
கடலில் புழு மேலே மிதந்து வருமாம்,
விளக்கோடு போய் அள்ளித் தின்பார்களாம்.
என் முகத்தைப் பார்த்தாள்.
"முதல் நாள் கருவாட்டுக்கு நானும் இப்படித்தான்
முகம் வெச்சேன்."

"காலைல பீச் ரோட்ல எல்லாரும்
சூரியனைப் போட்டோ எடுக்கறாங்க.
மூன்றரை மணி நேரம் முன்னாடியே
எங்க ஊர்ல வந்த சூரியன் அது.
உங்களுது நகல்."
நகல் எடுத்துப் பிழைப்பவளிடம் சொல்கிற பேச்சா?
"கலர் பிரதி, பத்து ரூபாய்" என்றேன்.

டீ வாங்கப் போகுமுன் கல்லாவைப் பூட்டினேன்.
சாவி எங்கே என்று எனக்கு நானே கேட்டதில்
அவள் திரும்பினாள்.
"சாவியா? அங்கயும் அதுதான்!
போர்ச்சுகீஸ்காரன் சொல்."
"ஜன்னல்?"
"ஜனேலா."
"மேசை?" "மேசா."
அலமாரியைக் காட்டினேன், தலையாட்டினாள்.
ஒரே ஆள் காலி செய்துபோன வீட்டில்
ஒருவரை ஒருவர் அறியாமல்
இரண்டு குடும்பம் சாமான் பொறுக்கியிருக்கிறது.
"தண்ணிக்கு?"
"அது இரதான்.
அதை யாரும் கொடுக்கல."

கரண்ட் வந்ததும்
விட்ட இடத்திலிருந்து துப்பத் தொடங்கியது எந்திரம்.
பைண்டிங் சேர்த்து எழுநூற்று இருபது.
இருபதை விட்டுக்கொடுத்தேன்.
கசங்கிய நாற்பத்தொன்று மட்டும் என்னிடம் தங்கிற்று,
பின்பக்கம் 'டோனர் 1, ஏ4 கட்டு 5'
என்று எழுதி ஆணியில் குத்திவைத்தேன்.

மறுநாள் கேன் போடும் பையன்
வண்டியை அணைக்காமலே கேட்டான், எத்தனை என்று.
"இர... ரெண்டு" என்றேன்.
திக்கினேன் என்று நினைத்திருப்பான்.
இரண்டு கேன் இறக்கிவிட்டு
கணபதிசெட்டிகுளம் பக்கம் போய்விட்டான்.